பக்கியின் தொட்டிக்கு பிளாஸ்டிக் லைனரா, ரப்பர் பூச்சா?

11 பிப்ரவரி 2024 – தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

ஏழு வருடம் ஓடிய, ஒரு டன் ஏற்றும் டீசல் பக்கி (பிக்கப் வண்டி) ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த தொட்டியில் ஏற்கெனவே கறுப்பு பிளாஸ்டிக் லைனர் (உள்ளே பொருத்தும் உறை) இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு ரப்பர் பூச்சு அடிக்கச் சொல்கிறார் என் மைத்துனர். லைனர் காப்பாற்றிய தொட்டியில் பெயின்ட் புதிதாகத்தானே இருக்கும்? நன்றாக இருப்பதைக் கழற்றிப் பணத்தைக் கரைப்பானேன்? பக்கி வைத்திருக்கும் பெரியவர்கள் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி, இரவு

தம்பி, பூச்சைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த லைனரைக் கழற்றிப் பாருங்கள். பார்க்காமல் "புதிதாகத்தானே இருக்கும்" என்று சொல்லாதீர்கள். நாங்களும் ஒன்பது வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

டர்பனுக்கு வடக்கே வெருலம் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு நிலம். வெண்டை, மிளகாய், கீரை, கறிவேப்பிலை. அப்பா புது பக்கி வாங்கிய வாரமே லைனர் போட்டார். தொட்டியில் ஒரு கீறல் விழக்கூடாது என்பது அவர் ஆசை. அதே தொட்டியில்தான் கோழி எரு மூட்டை ஏறும், யூரியா ஏறும், ஈரம் சொட்டும் கீரைக்கட்டு ஏறும். சனிக்கிழமைதோறும் அப்பா லைனரின் மேல் குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவுவார். மேலே பளபளவென்று இருக்கும்.

ஒன்பதாம் வருடம் பின்பக்க விளக்கு ஒன்று எரியவில்லை. கம்பியைத் தேடுவதற்காக லைனரைத் தூக்கினேன். முதலில் வந்தது வாடை: எருவும் அழுகிய இலையும் கலந்த வாடை. அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு. கரும்பு எரிக்கும் மாதங்களில் எங்கள் ஊரில் கூரையெல்லாம் படியும் கரி அதில் பாதி இருக்கும். சேற்றைக் கரண்டியால் வழித்தபோது துருவும் அப்பளம்போல் அடுக்கடுக்காகக் கூடவே வந்தது. கேபினுக்குப் பின்னால், தகட்டின் பள்ளத்தில், திருப்புளியை வைத்து மெல்ல அழுத்தினேன். அது தகட்டைத் துளைத்து அந்தப் பக்கம் போய்விட்டது. குனிந்து பார்த்தால் கீழே தரை தெரிகிறது. அப்பா எதுவும் பேசவில்லை. தொட்டியின் விளிம்பில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். பிளாஸ்டிக் லைனர் தகட்டோடு ஒட்டுவதில்லை, அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வண்டி ஓட ஓட அது அதிர்கிறது. இடையில் சிக்கிய மணல் உப்புத்தாளைப்போல் பெயின்ட்டைத் தேய்க்கிறது. விளிம்பு வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே கிடக்கிறது. வெயிலும் காற்றும் படாத ஈரம், பெயின்ட் போன இரும்பு, அதற்கு மேல் உர உப்பு. துருவுக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது.

12 பிப்ரவரி

கழற்றும் முறை கேட்டிருந்தீர்கள். பின்கதவுத் துண்டு தனியாக வரும், அதை முதலில் எடுங்கள். பக்கவாட்டில் திருகோ கிளிப்போ இருக்கும். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள்; பிளாஸ்டிக் இளகிவிடும். இரண்டு பேர் நின்று பக்கங்களை உள்நோக்கி அமுக்கி, பின்பக்கமாக இழுத்தால் வரும். திருகுகள் தகட்டைத் துளைத்துப் போட்டவை என்றால் ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்தையும் பாருங்கள். துரு அங்கிருந்தும் தொடங்கும்.

15 பிப்ரவரி

பீனிக்ஸ் தம்பி போட்ட படங்களைப் பார்த்தேன். பயந்த அளவுக்கு இல்லை. நடுத்தரையில் பெயின்ட் தேய்ந்து பிரைமர் தெரிகிறது, முன் மூலைகள் இரண்டிலும் துரு. ஓட்டை விழவில்லை. நல்ல நேரத்தில் தூக்கியிருக்கிறீர்கள்.

மூலைகளில் சிறு ரப்பர் மூடிகள் தெரிகின்றனவா? அவை வடிதுளைகள். மூடியை எடுத்துவிட்டு ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். இடது முன்துளை முழுக்க அடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன், படத்தில் அந்தப் பக்கம்தான் துரு அதிகம்.

நான் எழுதியதில் ஒரு திருத்தமும் உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர், "என் லைனருக்குப் பன்னிரண்டு வயது, அடியில் ஒரு பொட்டுத் துருவும் இல்லை" என்கிறார். நம்புகிறேன். அவர் ஊர் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது, வண்டி கராஜில் உறங்குகிறது, தொட்டிக்கு மேல் கேனபி என்னும் கூரை போட்டிருக்கிறார், ஏற்றுவது அட்டைப் பெட்டிகள். மேலும் வருடத்துக்கு ஒருமுறை லைனரைத் தூக்கிக் கழுவுகிறார். "லைனர் போட்டால் துருப்பிடிக்கும்" என்ற பொருளில் நான் எழுதியது அவசரம். போட்டுவிட்டு மறந்தால் துருப்பிடிக்கும். அதுவும் எரு ஏற்றும், கடற்காற்றில் நிற்கும் வண்டி என்றால் நிச்சயம்.

18 பிப்ரவரி

தொட்டிப் பேச்சிலிருந்து சற்று விலகுகிறேன். சென்னையிலிருந்து ஒரு அன்பர், "பக்கி என்றால் எங்கள் ஊரில் திட்டுகிற சொல், நீங்கள் ஏன் வண்டிக்கு அந்தப் பெயர் வைத்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நாங்கள் வைத்த பெயர் இல்லை ஐயா. தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்கு எல்லா மொழிக்காரர்களும் சொல்லும் பெயரே அதுதான், ஆஃப்ரிகான்ஸ் மொழியிலிருந்து வந்தது.

ஆனால் தமிழில் பக்கி என்று ஒரு பறவையும் இருக்கிறது. பகலெல்லாம் தரையோடு தரையாகப் படுத்திருந்து இருட்டியபின் பறப்பது. எங்கள் அப்பாவின் பக்கிக்கும் அதே வழக்கம்தான். இரவு இரண்டரை மணிக்கு ஆயா விளக்கைப் பிடிக்க, கட்டுகளை ஏற்றிக்கொண்டு டர்பன் வார்விக் சந்திப்பிலுள்ள காய்கறிச் சந்தைக்குக் கிளம்பும். 1910-இல் தொடங்கிய அந்த விடிகாலைச் சந்தையில் தாத்தா காலத்திலிருந்து எங்கள் காய்கறி இறங்கியிருக்கிறது. தாத்தாவிடம் வண்டி கிடையாது. அப்பாவின் முதல் வண்டி ஒரு சின்ன நிசான் 1400. 1971 முதல் 2008 வரை இந்நாட்டில் செய்து விற்றார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நின்றது. அதன் தொட்டியில் லைனரும் கிடையாது, பூச்சும் கிடையாது. கோணிச் சாக்கை விரித்து ஏற்றுவோம், இறக்கியதும் சாக்கை உதறிக் கொடியில் போடுவோம். இப்போது யோசித்தால் அந்தச் சாக்கு செய்த நன்மை புரிகிறது: தினமும் எடுத்தோம், தொட்டி தினமும் காய்ந்தது.

3 மார்ச்

இனி ரப்பர் பூச்சு. ரப்பர் என்பது வாய்ப்பழக்கம். தொட்டியில் அடிப்பது பாலியூரித்தேன் அல்லது பாலியூரியா. இரண்டு திரவங்கள் துப்பாக்கி முனையில் கலந்து தகட்டில் விழுந்து இறுகுகின்றன. பாலியூரியாவைச் சூடாக்கி அதிக அழுத்தத்தில் அடிப்பார்கள், சில நொடிகளில் இறுகிவிடும். சரியாக அடித்தால் தகட்டோடு ஒன்றாகிவிடுவதால் அடியில் தண்ணீர் போக இடமே இருக்காது. லைனரைவிட இது மேல் என்று நான் சொல்வதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

சரியாக அடித்தால் என்றேன். எங்கள் தொட்டிக்குத் தகடு வெட்டி ஒட்டியபின் ஒரு பட்டறையில் பூச்சுக்கு விட்டேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. காலையில் விட்டு மாலையில் எடுத்தேன், இரவெல்லாம் மழை பெய்த நாள். ஆறாவது மாதம் பின்கதவருகே ஒரு கொப்புளம். நகத்தால் கீறினேன். நன்றாக எண்ணெய் தேய்த்த கல்லிலிருந்து தோசை எழும்புமே, அப்படி ஒரு முழம் எழும்பி வந்தது. அடியில் பழைய பெயின்ட் பளபளப்பு மாறாமல் அப்படியே இருந்தது. அவர்கள் உப்புத்தாளே போடவில்லை.

இரண்டாம் முறை நானே தயார் செய்தேன். அதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் முக்கால் பங்கு பூச்சுக்கு முந்தியது. முதல் நாள் சோப்பு நீரில் கழுவி, கிரீஸ் போகத் துடைத்து, வெயிலில் விட்டேன். இரண்டாம் நாள் துருவைக் கம்பி பிரஷால் கிரைண்டரில் தேய்த்து வெள்ளை இரும்பு வரை போனேன். பள்ளத்துக்குள் பிரஷ் எட்டாத புள்ளிகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவினேன். வெறும் இரும்பு தெரிந்த இடமெல்லாம் எபாக்சி பிரைமர். மூன்றாம் நாள், பெயின்ட் மிஞ்சியிருந்த பகுதி முழுவதும் உப்புத்தாள். கையால் தடவினால் எங்கும் வழுக்கக்கூடாது, கண்ணுக்கு எங்கும் பளபளக்கக்கூடாது. தகடுகள் சேரும் தையல்களில் சீலன்ட். வடிதுளைகளை டேப்பால் மூடினேன். அடித்தவுடன் டேப்பை உரிக்காவிட்டால் துளை நிரந்தரமாக அடைந்துவிடும். பூச்சுக்காரரிடம் மழையில்லாத நாளாகக் கேட்டு வாங்கினேன். பாலியூரித்தேன் என்றால் ஈரம் பட்டதும் நுரைத்துக் குமிழி விடும்.

வீட்டிலேயே உருளையால் பூசும் டப்பாக்கள் கிடைக்கின்றன. பூசலாம், பூச்சு மெல்லியதாகத்தான் வரும். ஆனால் அதன் ஆவியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கெடுதல். துணியைக் கட்டிக்கொண்டு கராஜ் கதவை மூடி வேலை செய்யாதீர்கள். டப்பாவில் எந்த முகமூடி சொல்லியிருக்கிறதோ அதை வாங்குங்கள், கதவைத் திறந்து வையுங்கள்.

4 மார்ச்

ஒன்றை விட்டுவிட்டேன். தொட்டியில் வெல்டிங் செய்யுமுன் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். தகட்டுக்கு அடியில் எரிபொருள் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று படுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

30 மார்ச்

நேற்றைய புனித வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். வண்டி நிறுத்த இடம் கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. இறங்கி நடக்கும்போது பக்கிகளின் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே போனேன் என்று வீட்டில் கோபம். பாதிக்குமேல் பிளாஸ்டிக் லைனர்தான்.

அப்போது நினைவுக்கு வந்ததை எழுதிவிடுகிறேன். லைனரின் இன்னொரு குறை அதன் வழுக்கல். ஒரு ஆடி மாதம் கூழ் ஊற்றும் பூசைக்குப் பெரிய அண்டாவில் கூழைப் பெரியம்மா வீட்டிலிருந்து கோயிலுக்கு எடுத்துப்போனோம். மேட்டில் ஏறும்போது அண்டா பனிக்கட்டிமேல் போவதுபோல் பின்கதவு வரை சறுக்கி முட்டியது. பாதிக் கூழ் தொட்டியில். பெரியம்மா விடியுமுன் எழுந்து கிண்டிய கூழ். அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பூச்சு சொரசொரப்பானது, அதன்மேல் அண்டா அசையாது. லைனரை வைத்திருப்பவர்கள் மேலே ஒரு ரப்பர் பாயாவது போடுங்கள். எதுவாக இருந்தாலும் கயிற்றால் கட்டுங்கள்.

பிள்ளைகளைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு வந்த இரண்டு வண்டிகளையும் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளைக் கூலிக்குத் தொட்டியில் ஏற்றுவதை 2017 மே மாதத்திலிருந்தே சட்டம் தடுத்துவிட்டது. சொந்தப் பிள்ளைகள் என்றால் எலும்பு வேறா? தயவுசெய்து வேண்டாம்.

12 ஏப்ரல்

வெள்ளம் வந்து இன்றோடு இரண்டு வருடம். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளை டர்பனில் யாரும் மறக்கமாட்டார்கள். ஹைலக்ஸ் பக்கிகள் பிறக்கும் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலையே தண்ணீரில் நின்று மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. டோங்காட்டில் குடிநீர் நிலையம் சேதமாகி, அங்குள்ள சொந்தக்காரர்களுக்கு மாதக்கணக்கில் பக்கியில்தான் தண்ணீர் கொண்டுபோனோம்.

அதையொட்டி ஒரு எச்சரிக்கை, அப்போது நான் செய்த தவறிலிருந்து. கம்பிக்கூண்டுக்குள் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த்தொட்டி ஒன்றைப் பக்கியில் ஏற்றி நிரப்பினேன். ஒரு டன் வண்டி, ஒரு டன் தண்ணீர், கணக்கு சரி என்று நினைத்தேன். சரியில்லை. அந்த வண்டி தாங்கும் எடையில் நானும், பக்கத்தில் உட்கார்ந்த தம்பியும், கூண்டின் சொந்த எடையும் அடக்கம். மேலும் பாதி காலியான தண்ணீர்த்தொட்டியில் தண்ணீர் வளைவில் ஒரு பக்கமாகப் பாயும். பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டி இடப்பக்கம் சாய்ந்தே வந்தது. அதன்பின் 25 லிட்டர் கேன்கள் இருபது, அதற்குமேல் ஏற்றவில்லை.

கேன் என்றதும் இன்னொன்று. மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டருக்கு பெட்ரோல் வாங்கப் போகும் பலர் கேனைத் தொட்டியிலேயே வைத்து நிரப்புவதைப் பார்க்கிறேன். பிளாஸ்டிக் லைனரின் மேல் அப்படிச் செய்யவே கூடாது. கேனில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்குப் போகவிடாமல் பிளாஸ்டிக் தடுக்கிறது, குழாய் முனை அருகே வரும்போது பொறி பறக்கலாம். அமெரிக்காவில் இப்படித் தீப்பிடித்ததால் 1998-இல் அவர்களுடைய தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தனியாக எச்சரிக்கையே வெளியிட்டது. கேனை இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். பூச்சு அடித்த தொட்டிக்கும் இதையே செய்யுங்கள்.

30 ஜூன்

இசிப்பிங்கோ அண்ணன் ஒருவர் மத்தி மீன் பெட்டி ஏற்றுகிறவர். தென்கரையில் மத்தி வரும் பருவம், வலைக்காரர்களுக்கு உறக்கமில்லை. "பூச்சு அடித்தால் உப்புத்தண்ணீர் கவலை தீர்ந்ததா?" என்று கேட்கிறார்.

தொட்டியின் உள்தரைக்குத் தீர்ந்தது அண்ணா. ஆனால் அந்தத் தண்ணீர் வடிதுளை வழியாக இறங்கிச் சேஸிஸ்மேல், பின்கதவின் அடித்தையலுக்குள், ஸ்பிரிங் கொக்கிகளில் சேர்கிறது. பூச்சு அங்கே இல்லை. மீன் இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் உள்ளே மட்டுமல்லாமல் அடியிலும் அடித்துக் கழுவுங்கள். பின்கதவைத் திறந்துபோட்டு, வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்திக் காயவிடுங்கள்.

மார்ச்சில் நான் எழுதியது ஒன்று உறுத்துகிறது. பூச்சுக்கு அடியில் தண்ணீர் போக இடமே இல்லை என்றேன். போன வாரம் என் தொட்டியில், சக்கர மேட்டுக்குப் பக்கத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவில் தடிப்பு பார்த்தேன். காரணம் நான்தான். கயிறு கட்ட வளையம் வைப்பதற்காகப் பூச்சு அடித்து ஒரு வருடம் கழித்துத் துளை போட்டேன். துளையின் ஓரத்தில் வெட்டுப்பட்ட இரும்புக்கு ஒரு சொட்டுப் பெயின்ட்கூட வைக்கவில்லை. பூச்சைக் கத்தியால் அரிந்து, தேய்த்து, பிரைமர் வைத்து, ஒட்டுப்பூச்சு தடவியிருக்கிறேன். ஆகவே வளையம், கேனபி, ஏணிச்சட்டம், எதற்கானாலும் துளைகளை முதலில் போடுங்கள். பூச்சு கடைசி.

நிறமும் வெளுக்கும். எங்கள் வெயிலில் இரண்டே வருடத்தில் கறுப்பு சாம்பலாகிவிட்டது. அது அழகுக்குறை மட்டும், அதற்காக யாரும் மறுபூச்சு அடிக்க வேண்டாம்.

28 ஜூலை

ஆடி. இந்த முறை அண்டா சறுக்கவில்லை. நான்கு மூலையிலும் கயிறு. பெரியம்மா இறங்கியதும் முதலில் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குள் போனார்.

ஸ்டேங்கரிலிருந்து ஒருவர், கட்டட வேலைக்கு மணலும் செங்கல்லும் ஏற்றுகிறேன், எது நல்லது என்று கேட்டிருந்தார். உங்களுக்கு இரண்டும் வேண்டும். பூச்சு துருவைத் தடுக்கும், ஆனால் உயரத்திலிருந்து விழும் செங்கல் தகட்டை ஒடுக்கத்தான் செய்யும். பூச்சு அடித்து, மேலே தடித்த ரப்பர் பாயைப் போட்டு, வாரம் ஒருமுறை பாயைச் சுருட்டி எடுத்துப் பெருக்குங்கள். பாயை எடுக்கச் சோம்பல்பட்டால் பிளாஸ்டிக் லைனரின் கதைதான்.

அரை டன் வண்டி தேடும் தம்பிக்கு: நிசான் என்பி200 இந்த ஆண்டோடு உற்பத்தி நின்றுவிட்டது, பழையதைத்தான் பார்க்க வேண்டும். பார்க்கப் போகும்போது லைனரைத் தூக்க விடுகிறாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். விடாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

8 செப்டம்பர்

பீனிக்ஸ் தம்பியின் பூச்சு வேலை நேற்று முடிந்தது. மழைக்காலம் தொடங்குவதற்குள் முடித்துவிட்டார். பழைய லைனரை வீசாமல் இரண்டாக வெட்டிக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக்கியிருக்கிறார்.

இன்று காலை நேரில் போய்ப் பார்த்தேன். குழாயைக் கேபின் பக்கம் பிடித்தோம். மூன்று துளைகளில் தண்ணீர் உடனே இறங்கியது. இடது முன்துளையில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. குனிந்து பார்த்தால் டேப் துண்டு ஒன்று உள்ளே மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுத்தார், வந்தது. மறுபடி குழாயைப் பிடித்தோம். நான்கிலும் ஒரே சீராக இறங்கியது.